மூன்று மொட்டைகளும் ஒரு பாட்டில் கண்டிஷனரும்

அம்மாடி,

ஞாயிற்றுக்கிழமை காலையில் நீ போன் செய்தபோது கடையில் நல்ல கூட்டம். ஒரு கையில் துவரம்பருப்புப் பொட்டலம், ஒரு காதில் நீ. என் பேத்தி குட்டிக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது, ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தாச்சு, இட்லி வேண்டும் என்று வாயைத் திறந்து கேட்டாள் என்று நீ சொன்னதும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. பருப்பு வாங்க நின்றவர், விலையைக் கேட்டதற்குக் கடைக்காரன் ஏன் அழுகிறான் என்று விழித்தார். ஒன்பது நாள் அம்மாடி. உன் குரலில் அந்த ஒன்பது நாளும் இருந்தது. அப்புறம் நீ சொன்னாய்: "நைனா, நான் சின்னப் புள்ளையா இருக்கசொல்ல நீ எனக்கு வேண்டிக்கினியே, அதே மாதிரி நானும் வேண்டிக்கினேன். இவளுக்குச் சரியாப் பூட்ச்சின்னா இவளுக்கும் மொட்ட, எனக்கும் மொட்ட. வர வெள்ளிக்கெழம வரோம். கோயில்ல சொல்லி வையி." நான் "சரிம்மா" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். அந்த "சரிம்மா"வைத் திரும்ப வாங்கிக்கொள்ளத்தான் இதை எழுதுகிறேன்.

எனக்கு எழுதிப் பழக்கம் இல்லை என்று உனக்குத் தெரியும். சரக்கு லிஸ்ட்டைத் தவிர நான் எதையும் எழுதி நீ பார்த்திருக்க மாட்டாய். போனிலேயே சொல்லிவிடலாம் என்று நேற்று மூன்று முறை உன் நம்பரை எடுத்தேன், மூன்று முறையும் வைத்துவிட்டேன். கடைசியில் உன் அம்மாவிடம் சொன்னேன். இத்தனை வருஷமாக அவளிடமும் சொல்லாத விஷயம். அவள் முட்டிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள். கேட்டு முடித்ததும் கையை நிறுத்தி என்னையே பார்த்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். "நானும் ஒரு வார்த்த கேக்கலியே" என்றாள். "காத்தால கம்பெனி வண்டிக்கு ஓடுவேன். கொழந்த தலைய வார முடியலியேன்னு உள்ளுக்குள்ள கஷ்டமாத்தான் இருந்திச்சி. நீ அதுக்கு மொட்ட போட்டு இட்டுக்கினு வந்ததும், சரி, ஒரு பேஜாரு கொறஞ்சிச்சின்னு நானும் கம்முனு இருந்துட்டேன்." தைலப் பாட்டிலை மூடிவிட்டு அவளே, "போன்ல சொல்லாத. பாதியில அய்துடுவ, அது பயந்துக்கும். எய்தி, படம் புட்ச்சி அனுப்பு" என்றாள். அதனால்தான் இந்த லாங் சைஸ் நோட்டு. பக்கம் பக்கமாக வாட்ஸ்அப்பில் வரும். முன்னே பின்னே வந்தால் மேலே நம்பர் போட்டிருக்கிறேன், பார்த்துக்கொள்.

விஷயம் இதுதான். நான் உனக்காக எந்த வேண்டுதலும் செய்யவில்லை. உன் மூன்றாம் வகுப்பில் ஒரு மொட்டை, ஐந்தாம் வகுப்பில் ஒன்று, ஏழாம் வகுப்பில் ஒன்று. மூன்றும் உன் உயிருக்காக அம்மனுக்குக் கொடுத்தது என்று நீ இன்றைக்கு வரைக்கும் நம்பிக்கொண்டிருக்கிறாய். அது பொய். எனக்கு உன் தலையை வாரத் தெரியவில்லை. அதுதான் காரணம். அதற்கு மேல் ஒரு காரணமும் கிடையாது.

உனக்கு ஞாபகம் இருப்பதை விட எனக்கு அந்தக் காலைகள் நன்றாக ஞாபகம் இருக்கின்றன. அம்மா விடிவதற்குள் கம்பெனி வண்டி ஏறிவிடுவாள். ஒரகடத்துத் தொழிற்சாலைக்குப் போய்ச் சேர வேண்டுமே. கடை வீட்டோடு இருந்ததால் உன்னைப் பள்ளிக்கூடத்துக்குக் கிளப்புவது என் வேலை என்று ஆயிற்று. நாஷ்டா செய்வேன், யூனிஃபார்மில் பட்டன் வைப்பேன், வெள்ளை ஷூவுக்கு சாக்பீஸ் தேய்ப்பேன். எல்லாம் வந்தது. இரண்டு பின்னல் போட்டு, மடித்து, சிவப்பு ரிப்பன் கட்டி அனுப்ப வேண்டும் என்பதுதான் வரவில்லை. உன் முடி சாதாரண முடியா? ஒவ்வொரு மயிரும் தனித்தனியாகச் சுற்றிக்கொண்டு நிற்கும். நான் காய்ந்த தலையில் உச்சியிலிருந்து சீப்பை வைத்து இழுப்பேன். சீப்பு நாலு விரல் இறங்கும், அதற்குள் கீழே இருக்கிற முடியெல்லாம் ஒன்றாகச் சேர்ந்து முடிச்சு விழுந்துவிடும். நீ கல்லாப்பெட்டியின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கத்துவாய். பால் பாக்கெட் வாங்க வந்தவர்கள், "இன்னாப்பா, கொழந்தைய இன்னா பண்ற?" என்று கேட்பார்கள். எனக்கு மானம் போகும். மானம் போகப் போக இன்னும் இழுப்பேன். கடையில் தொங்குகிற அட்டையிலிருந்து புதுச் சீப்பை எடுப்பேன், அதுவும் இரண்டு பல் போய்விடும். ஒரு நாள் அந்தச் சீப்பாலேயே உன் மண்டையில் ஓங்கி ஒன்று வைத்தேன். நீ அன்றைக்கு அழவில்லை. ரிப்பனை மட்டும் நீயே எடுத்துப் பையில் வைத்துக்கொண்டு ஒரு பக்கம் பின்னலும் ஒரு பக்கம் விரித்த முடியுமாகப் போய்விட்டாய்.

இதில் என் கெட்டிக்காரத்தனம் ஒன்று உண்டு. ஷாம்பு. நம் கடை வாசலில் சரம் சரமாகத் தொங்கும், கடைக்காரன் மகளுக்கு என்ன குறை என்று ஒன்று விட்டு ஒரு நாள் இரண்டு பாக்கெட் கிழித்து உன் தலையில் ஊற்றினேன். நம் ஊர் போர் தண்ணீரோ உப்பு. லேசில் நுரை வராது. நுரை வரவில்லை என்று மூன்றாவது பாக்கெட்டைக் கிழிப்பேன். தலை காய்ந்ததும் தேங்காய் நார் மாதிரி ஆகிவிடும். மறுநாள் சிக்கு இன்னும் ஜாஸ்தி. சிக்கு ஜாஸ்தியானால் என்ன செய்ய வேண்டும்? இன்னும் ஷாம்பு போட வேண்டும். இப்படியே நான் சுற்றிச் சுற்றி வந்தேன். உன் முடியைத்தான் திட்டினேனே தவிர, என் கையில் இருக்கிற பாக்கெட்டைச் சந்தேகப்பட எனக்குத் தோன்றவே இல்லை.

மூன்றாம் வகுப்பில் உனக்குக் காய்ச்சல் வந்தது உண்மை. மூன்று நாள் இருந்தது. சாதாரணக் காய்ச்சல். நம் கடையிலிருந்த மாத்திரையிலேயே சரியாகிவிட்டது. நான் பயப்படக்கூட இல்லை, அம்மாடி. கடையைச் சாத்தக்கூட இல்லை. ஆனால் அந்த மூன்று நாள் தலை வாராமல் விட்டதில் முடி முழுக்க ஒரே சடையாகிவிட்டது, கூடப் பேனும் சேர்ந்துகொண்டது. திங்கட்கிழமை பள்ளிக்கூடம். நான் சீப்பைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றபோது, ஷேர் ஆட்டோவில் ஒரு குடும்பம் போனது. நடுவில் ஒரு சின்னப் பெண், மொட்டைத் தலை, சந்தனம், கழுத்தில் மாலை. தலை பளபளவென்று இருந்தது. அவ்வளவுதான். உள்ளே வந்து உன்னிடம், "காய்ச்சல் வந்திச்சே, அப்ப நைனா அம்மனாண்ட விழுந்து வேண்டிக்கினேன். ஒனக்குச் சரியாப் பூட்ச்சில்ல? முடி குடுக்கணும்" என்றேன். ஏரிக்கரைக் கோயிலுக்குப் போனோம். உனக்குப் புதுக் கவுன். சந்தனத்தின் குளிர்ச்சி உனக்குப் பிடித்திருந்தது. வழியெல்லாம் தலையைத் தடவிப் பார்த்துக்கொண்டே வந்தாய். அதற்கப்புறம் ஒரு வருஷத்துக்கு மேல் நான் காலையில் பேப்பர் படித்தேன்.

ஐந்தாம் வகுப்பிலும் அப்படியே செய்தேன். அப்போது எந்தக் காய்ச்சலைச் சொன்னேன் என்றுகூட ஞாபகமில்லை. ஏழாம் வகுப்பைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. உனக்குப் பன்னிரண்டு வயது. தலை கலைந்து வருகிறாள், ஒழுங்காகப் பின்னி அனுப்புங்கள் என்று டீச்சர் டைரியில் எழுதி அனுப்பியிருந்தார்கள். நான் மறுபடி அம்மனைக் கூப்பிட்டேன். நீ இரண்டு நாள் சாப்பிடவில்லை. "நைனா, இந்த வாட்டி வோணாம் நைனா. க்ளாஸ்ல எல்லாரும் சிரிப்பாங்கோ. வேற எதுனா குடுக்கலாமே, கோழி குடுக்கலாமே" என்று கெஞ்சினாய். "சாமிக்குச் சொன்ன வார்த்தைய மாத்தினா கோச்சிக்கும்" என்று நான் முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டேன். நீ வந்து மணையில் உட்கார்ந்தாய். பாதித் தலை இறங்கியபோது குனிந்தபடியே கேட்டாய்: "எனக்கு ஒண்ணும் ஆவக்கூடாதுன்னுதானே நைனா?" நான் "ஆமாம்மா" என்றேன். உடனே உன் உடம்பு தளர்ந்தது. அழுகையை நிறுத்திவிட்டாய். அந்த இரண்டு வார்த்தைக்காக நான் இப்போது வெட்கப்படுகிற மாதிரி வேறு எதற்கும் வெட்கப்பட்டதில்லை.

அந்தப் பொய் நான் நினைத்ததை விடப் பெரிதாக வளர்ந்துவிட்டது. எட்டாம் வகுப்பில் 'எனக்குப் பிடித்தவர்' என்று கட்டுரை எழுதச் சொன்னபோது, நீ என்னைப் பற்றி எழுதினாய். என் உயிருக்காக என் தந்தை மூன்று முறை வேண்டிக்கொண்டார் என்று. டீச்சர் கடைக்கு வந்து, "இப்படி ஒரு அப்பா கிடைக்கணுமே" என்றார்கள். நான் பல்லைக் காட்டிக்கொண்டு அவர்களுக்கு ஒரு பிஸ்கட் பாக்கெட் சும்மா கொடுத்தேன். உன் கல்யாணம் பேச வந்தபோது உன் மாமியாரிடமும் நீ அதையே சொன்னாய். இன்னொன்றும் நீ சொன்னாய், உனக்கு நினைவிருக்காது. காலேஜில் படிக்கும்போது, கல்யாண வீட்டுக்குக் கிளம்ப எண்ணெயைக் கொட்டி முடியைப் படிய வைக்கப் பார்த்தும் அது படியாமல், கண்ணாடியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, "சாமிக்குக் குடுக்கத்தான் இது லாயக்கு நைனா, மனுசங்க பாக்கறதுக்கு இல்ல" என்றாய். நானும் சிரித்தேன். உன் தலையில் இருப்பது அசிங்கம், எடுத்துப் போட வேண்டிய ஒன்று என்று உனக்கு யார் சொல்லிக் கொடுத்தது? ஊரில் நாலு பேர் பரட்டை என்றிருப்பார்கள். ஆனால் ஆரம்பித்து வைத்தது நான்.

இப்போது அந்தப் பொங்கலுக்கு வருகிறேன். உன் கல்யாணத்துக்கு முந்தின வருஷம். வேலைக்குப் போய் மெட்ராஸில் ஹாஸ்டலில் இருந்தாய். போகியன்று காலையில் கொல்லையில் குழாயடியில் உட்கார்ந்து தலைக்குக் குளித்துக்கொண்டிருந்தாய். நான் வழக்கம் போல இரண்டு ஷாம்பு பாக்கெட்டைக் கிழித்துக்கொண்டு வந்தேன். "வோணாம் நைனா, நான் ஷாம்புவ வுட்டு ஆறு மாசம் ஆவுது" என்றாய். பக்கத்தில் ஒரு பெரிய பாட்டில். அதிலிருந்து வெள்ளையாக, கெட்டித் தயிர் மாதிரி, உள்ளங்கை நிறைய எடுத்தாய். நன்றாக நனைந்த தலையில் விரல் நுனியால் மண்டை முழுக்கத் தேய்த்தாய், நுனி வரைக்கும் இழுத்துத் தடவினாய். ஒரு துளி நுரை இல்லை.

"இன்னாம்மா இது, நொரையே காணோம்?"

"நொர வந்தாத்தான் அழுக்குப் போவுமா?"

"பின்ன? சோப்பு இல்லாம பாத்திரம் தேய்க்கிற மாதிரி இல்ல கீது?"

"எண்ணெப் பாத்திரமா நைனா இது, தல" என்று சிரித்தாய். அப்புறம் எனக்குப் புரிகிற மாதிரி சொன்னாய். "மண்டையில சொரக்கிற எண்ணெ நேர் முடியில சர்ருனு நுனி வரிக்கும் எறங்கிடும். சுருட்ட முடியில வளைவு வளைவா மாட்டிக்கினு நுனிக்குப் போவாது. அதான் காஞ்சி கெடக்குது. ஷாம்பு போட்டா இருக்கிற கொஞ்சத்தையும் வழிச்சிக்கினு பூடும். இது கண்டிஷனரு. நாம தேய்க்கிற தேய்ப்புல அழுக்கு வந்துடும், வழவழப்பு நின்னுக்கும்." ஹாஸ்டல் ரூமில் உன்னோடு இருந்த பெண்ணுக்கும் சுருட்டை முடி, அவள்தான் கற்றுக்கொடுத்தாள் என்றாய்.

அப்புறம் நீ சீப்பை எடுத்தாய். என்னை அறியாமல் ஓர் அடி பின்னால் போனேன். உன் தலை அருகே சீப்பு போனாலே எனக்கு இன்றைக்கும் அப்படித்தான். அகலப் பல் வைத்த சீப்பு. தலையில் அந்த வழவழப்பு இருக்கும்போதே, நுனியிலிருந்து ஆரம்பித்தாய். நாலு விரல் நுனியை அவிழ்த்துவிட்டு, அதற்கு மேல் நாலு விரல், அதற்கும் மேல். சீப்பு தண்ணீரில் போவது போலப் போனது. நீ ஒரு முறைகூட "ஆ" என்று சொல்லவில்லை. பாட்டு வேறு முணுமுணுத்தாய். தலையை அலசி, துண்டு வேண்டாம், துண்டு முடியைப் பிய்க்கும் என்று என் பழைய பனியனை வாங்கி ஒற்றி எடுத்தாய். வெயிலில் அரை மணி நேரம் நின்றதும் உன் தலை முழுக்கச் சுருள் சுருளாக, ஒவ்வொன்றும் விரலில் சுற்றிவிட்டது போல இறங்கியது. உன் அம்மா வேலையை விட்டுவிட்டு வந்து பார்த்துக்கொண்டு நின்றாள். நான் கடைக்குள் போய்விட்டேன். சில்லறை எடுக்கப் போனேன் என்று நினைத்திருப்பாய். உள்ளே அரிசி மூட்டை மேல் உட்கார்ந்து அழுதேன். இவ்வளவுதானா? ஈரமாக இருக்கும்போது, வழவழவென்று எதையாவது பூசி, கீழேயிருந்து வாரியிருந்தால் போதுமா? அதற்கா ஒரு குழந்தையை அப்படிக் கத்தவிட்டேன்? அதற்கா சாமி பெயரைச் சொன்னேன்?

அன்றைக்கே உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. பொங்கல் வீட்டில் எதற்கு என்று விட்டேன். அடுத்து கல்யாணம் வந்தது. பார்லர்காரி உன் முடியை இஸ்திரி போட்டு நேராக்கிவிடலாம் என்றதற்கு, "இது இப்டியேதான் இருக்கும், பூ வைக்க முடிஞ்சா வைங்க" என்று நீ சொன்னாயே, அப்போது சொல்லியிருக்கலாம். மேடையில் அந்தச் சுருளில் மல்லிகையோடு நீ நின்றதைப் பார்த்து ஊரே அழகு என்றது. அந்த நேரத்தில் போய் என் அழுக்கு மூட்டையை யார் அவிழ்ப்பார்கள் என்று இருந்துவிட்டேன். உண்மை என்னவென்றால், நீ என்னை நல்லவன் என்று நினைப்பது எனக்குப் பிடித்திருந்தது. அதை இழக்க மனசு வரவில்லை.

அதற்குப் பதிலாக நான் செய்தது ஒன்று உண்டு. கண்டிஷனர் பாக்கெட் சரம் ஒன்றை வாங்கி ஷாம்புக்குப் பக்கத்தில் தொங்கவிட்டேன். முதலில் யாரும் தொடவில்லை. ஏரிக்கு அந்தாண்டை குடியிருப்பிலிருந்து கழனி வேலைக்கு வருகிற பொம்மி, அவள் மகளைக் கூட்டிக்கொண்டு ஒரு நாள் ஷாம்பு வாங்க வந்தாள். அந்தப் பெண்ணுக்கு உன் முடி. அப்படியே உன் முடி. நான் இருந்த இடத்திலிருந்து எழுந்தே விட்டேன். கண்டிஷனரை எடுத்துக் கொடுத்து, நனைத்துவிட்டுத் தேய், கீழேயிருந்து வாரு என்று கையை ஆட்டி ஆட்டிச் சொன்னேன். பத்து நாள் கழித்து வந்து, "இன்னாண்ணா, சிக்கு இல்ல, சரிதான். ஆனா தல பிசுபிசுன்னு கீதே" என்றாள். அதற்குத்தான் ஒரு நாள் உனக்குப் போன் செய்து, சும்மா கேட்பது போலக் கேட்டேன். நீ சிரித்துவிட்டு, புதுசில் இரண்டு மூன்று வாரம் அப்படித்தான் இருக்கும், விரலால் மண்டையை நன்றாகத் தேய்க்கணும், தண்ணீர் நிறைய விட்டு அலசணும், மாசத்துக்கு ஒரு முறை கொஞ்சம் ஷாம்பு போட்டால் தப்பில்லை, நேர் முடிக்காரர்களுக்கு இதெல்லாம் சரிப்படாது என்று சொன்னாய். "நைனா, நீ எதுக்கு இதெல்லாம் கேக்குற?" என்றாய். "வியாபாரம்மா" என்றேன். அதுவும் பொய்தான். இப்போது பொம்மி மகள் கடைக்கு வந்தால் தலையைக் குனிந்து காட்டிவிட்டுப் போகிறது.

குட்டி விஷயத்துக்கு வருகிறேன். நீ சீப்பைப் பார்த்தால் ஓடிப்போவாய். குட்டி சீப்பைப் பார்த்தால் ஓடி வருகிறாள். போன கோடை லீவுக்கு வந்தபோது பிளாஸ்டிக் டப்பில் உட்காரவைத்து அவள் தலையில் நீ கண்டிஷனரைத் தேய்த்துக்கொண்டிருந்தாய், அவள் நுனியிலிருந்து நீ வாருகிற ஒவ்வொரு சுருளுக்கும் ஒரு பெயர் வைத்துக்கொண்டிருந்தாள். ஒன்று பாம்பு, ஒன்று சேமியா, ஒன்று தாத்தா. நான்கு வயதில் ஒரு குழந்தை தன் முடியை இப்படி நினைக்க முடியும் என்று எனக்கு அதுவரை தெரியாது. கண்டிஷனர் போடத்தான் ஹாஸ்டலில் கற்றுக்கொண்டாய், ஒரு குழந்தையை இப்படி வளர்க்க உனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. என்னிடம் நீ பட்டது எதுவோ அது அவளுக்கு வரக் கூடாது என்று செய்கிறாய். நல்ல தாய் நீ. இதை நான் உன் முகத்துக்கு நேராகச் சொன்னதில்லை, இப்போது சொல்கிறேன்.

ஆகவே யோசித்துப் பார். ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள் பயந்துபோய் நீ வேண்டிக்கொண்டது உண்மை. அதைப் பொய் என்று சொல்ல எனக்கு வாயே கிடையாது. அது உனக்கும் அம்மனுக்கும் நடுவில் இருக்கிற விஷயம். கொடுத்தே தீருவேன் என்றால் கொடு, நான் உன் பக்கத்தில் நிற்பேன். ஆனால் என்னைப் பார்த்து, என் நைனா செய்தாரே என்று செய்கிறாய் என்றால், நீ பார்த்த இடத்தில் நான் இல்லை. அங்கே யாருமே இல்லை. வேறு எதையாவது கொடுக்கலாமே என்று பன்னிரண்டு வயதில் நீ கேட்டாயே, அது நியாயமான கேள்வி. அதற்கு நான் பதில் சொல்லாமல் உன் வாயை அடைத்தேன். இப்போது சொல்கிறேன், கொடுக்கலாம். அம்மன் ஒன்றும் கோபித்துக்கொள்ள மாட்டாள். கேட்காமலேயே மூன்று தரம் உன் முடியை வாங்கிக்கொண்டவள் அவள்.

பெரியவன் என்ற முறையில் ஒன்றே ஒன்று சொல்கிறேன், கேட்டாலும் கேள், விட்டாலும் விடு. பிள்ளை வளர்ப்பில் உனக்கு ஒரு வேலை வராவிட்டால், எனக்கு வரவில்லை என்று அந்தக் குழந்தையிடமே சொல்லிவிடு. சாமி மேல் போடாதே, டீச்சர் மேல் போடாதே, அந்தக் குழந்தையின் உடம்பு மேல் போடாதே. நான் அன்றைக்கு, "அம்மாடி, நைனாவுக்கு இது தெரியல, நாம ரெண்டு பேரும் யாரையாச்சும் கேப்போம்" என்று சொல்லியிருந்தால் என்ன குறைந்திருக்கும்? சுருட்டை முடிக்காரர்கள் இந்தத் தாலுகாவில் இல்லாமலா போய்விட்டார்கள்? கடைக்கு எத்தனை பெண்கள் வந்து போனார்கள்! ஒருத்தியிடம் கேட்டிருக்கலாம். ஒரு ஆம்பிளை பின்னல் போடுவது எப்படி என்று கேட்பதா என்று கூச்சப்பட்டேன். அந்தக் கூச்சத்தை நீ மூன்று தரம் தலையில் சுமந்தாய்.

இதைப் படித்துவிட்டு உனக்குக் கோபம் வரும். வரட்டும். மாப்பிள்ளையிடமும் உன் மாமியாரிடமும் நீ சொன்ன கதையை மாற்றிச் சொல்ல வேண்டி வரும், அந்த அவமானமும் என்னால்தான். வெள்ளிக்கிழமை வராமல் இருந்துவிடலாம் என்றும் உனக்குத் தோன்றலாம். அப்படித் தோன்றினால் என்னைத் திட்டவாவது ஒரு போன் செய். நீ பேசாமல் இருந்தால் என்னால் தாங்க முடியாது, அம்மாடி. அதைத் தவிர வேறு எதையும் தாங்கிக்கொள்வேன்.

எழுதிக்கொண்டிருக்கும்போதே கோயிலில் முடி இறக்குகிறவர் போன் செய்தார். நீ சொன்னபடி நான் ஞாயிற்றுக்கிழமையே சொல்லி வைத்திருந்தேன் இல்லையா. வெள்ளிக்கிழமை கூட்டம் இருக்குமாம், "எத்தினி தலண்ணா, சொன்னீங்கன்னா நேரம் ஒதுக்கி வெச்சிடுவேன்" என்று கேட்டார். மூன்று தரமும் அவருடைய அப்பாவிடம் நான்தான் போய், ஒரு தலை என்று சொல்லிவிட்டு வந்தேன். உன்னை நான் கேட்டதே இல்லை. இந்தத் தடவை அவரிடம், "எனக்குத் தெரியாதுப்பா. எம் பொண்ணக் கேட்டுச் சொல்றேன்" என்று சொல்லியிருக்கிறேன்.

கேட்கிறேன், அம்மாடி. என்ன சொல்லட்டும்?

உன் நைனா